புனேயில் ஓர் இரவு தங்க ஓர் இடம்

புனேயில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "குறைந்த செலவில் இரண்டு நாள் தங்குவதற்கு அங்கே நல்ல இடம் எது?" என்பதே அது. மகனைக் கல்லூரியில் சேர்க்க வரும் தந்தை கேட்கிறார். மருத்துவமனைக்கு வரும் முதியவர் கேட்கிறார். வேலை தேடி வரும் இளைஞர் கேட்கிறார். நாங்களும் பல ஆண்டுகளாக இக்கேள்விக்கு ஒரே விடையைச் சொல்லி வந்தோம். "இரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் போதும், எத்தனையோ லாட்ஜுகள் இருக்கின்றன" என்போம். அந்த விடை பொய்யன்று. ஆனால் அது எத்துணைப் பொறுப்பற்றது என்பதைச் சென்ற மழைக்காலத்தில்தான் அறிந்துகொண்டோம்.

எங்கள் உறவினர் மகள் ஒருத்தி நேர்முகத் தேர்வு ஒன்றுக்காகப் புனேக்கு வந்தாள். அந்த வாரம் நாங்கள் ஒரு திருமணத்தின் பொருட்டு ஊருக்குச் சென்றிருந்தோம். வழக்கமான விடையையே அவளுக்கும் சொல்லி வைத்திருந்தோம். மாலையில் வர வேண்டிய வண்டி, மழையினால் தாமதித்து நள்ளிரவு கடந்த பின்னரே வந்து சேர்ந்தது. அவள் மூன்று விடுதிகளின் படி ஏறினாள். முதல் விடுதியில் "தனியாகவா?" என்று கேட்டு வாயிலிலேயே நிறுத்திவிட்டார்கள். இரண்டாவதில் அறை இல்லை என்றார்கள். சாவிகளோ பலகையில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. மூன்றாவதில் அறை தர முன்வந்தார்கள். ஆனால் கதவின் உட்புறத் தாழ்ப்பாள் உடைந்து கிடந்தது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிலையத்துக்கே திரும்பி, பெண்கள் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்தபடியே இரவைக் கழித்தாள். காலையில் தொலைபேசியில் அவள் சொன்னது இதுதான்: "விடிந்துவிட்டது, பெரியம்மா. இனிப் பயமில்லை."

அந்தச் சொல் எங்கள் மனத்தை விட்டு அகலவில்லை. புனேக்குத் திரும்பியதும் ஞாயிற்றுக்கிழமை தோறும் புறப்பட்டு, வெளியூரார் தங்கும் இடங்களைப் பகுதி பகுதியாகச் சென்று பார்த்தோம். கண்டதையும் கேட்டதையும் அன்பர்களுக்குப் பயன்படுமாறு இங்கே எழுதுகிறோம்.

முதலில் நிலையத்தைச் சொல்ல வேண்டும். இப்போதுள்ள புனே நிலையக் கட்டடம் 1925ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இரவில் வந்து சேர்பவர்க்கு உகந்த இடம் நிலையத்தின் ஓய்வறைகளே. உறுதி செய்யப்பட்ட பயணச்சீட்டு உடையவர், சீட்டில் உள்ள பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு இரயில்வேயின் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளலாம். அறைகள் சிலவே ஆகையால் பயணம் உறுதியான அன்றே பதிவு செய்வது நலம். நள்ளிரவில் அந்நிய ஊரின் தெருவில் இறங்க வேண்டாம் என்ற ஒரு நன்மையே போதும்.

நிலையத்துக்கு எதிரிலும் பக்கத்துத் தெருக்களிலும் லாட்ஜுகள் நெருங்கி நிற்கின்றன. இவற்றில் நல்லவையும் உண்டு, அல்லாதவையும் உண்டு. 1867ஆம் ஆண்டு எழுந்த சசூன் பொது மருத்துவமனையும் இதன் அருகிலேயே இருப்பதால், நோயாளிகளின் உறவினர் பலர் இத்தெருக்களில் தங்குகிறார்கள். முன்புற அறையில் இரவெல்லாம் வாகன ஓசை கேட்கும். பின்புற அறையில் காற்று வராது. ஆகவே சாவியை வாங்குமுன் மாடி ஏறி அறையைப் பார்த்துவிட வேண்டும். சன்னல் திறக்கிறதா, தாழ்ப்பாள் பிடிக்கிறதா, குழாயில் நீர் வருகிறதா என்னும் மூன்றையும் சோதித்த பின்னரே பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். கைப்பேசியில் கண்ட படம் இம்மூன்றில் ஒன்றையும் காட்டாது.

நிலையத்திலிருந்து சிறிது தொலைவில் இருக்கிறது ராஸ்தா பேட்டை. தென்னிந்தியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் பகுதி இது. கே.இ.எம். மருத்துவமனை 1912ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று இங்கேதான் இயங்கி வருகிறது. அது நிற்கும் சாலைக்குச் சர்தார் முதலியார் சாலை என்று பெயர். மராத்தி எழுத்தில் எழுதிய பலகையில் 'முதலியார்' என்ற பெயரைக் கூட்டிப் படிக்கும்போது, புதிதாக வந்த தமிழருக்கு ஊர் சற்று அருகில் வந்தது போலத் தோன்றும். சிகிச்சைக்காகப் பல நாள் தங்க வேண்டியவர்கள், அறை சிறிதாயினும் இத்தகைய பகுதியில் தங்குவதே நன்று. சோறும் இரசமும் கிடைக்கும். நம் மொழியில் பேசுவாரும் அகப்படுவர். நோயாளிக்கு இவையும் மருந்தே.

மலிவு என்று எண்ணி நகரின் விளிம்பில் அறை எடுப்போர் பலர். ஹிஞ்சவாடி, நிலையத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். 2022 செப்டம்பரில் நிர்ணயித்த ஆட்டோ கட்டணம் முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 17 ரூபாய். அக்கணக்கில் பார்த்தாலே 20 கிலோமீட்டருக்கு 340 ரூபாயளவு ஆகும், போய்வர 680. அறை வாடகையில் 300 ரூபாய் மிச்சம் பிடித்தவர், ஒரு நாள் முடிவதற்குள் அதைப்போல் இரு மடங்குக்கு மேல் இழந்திருப்பார். ஹிஞ்சவாடியிலேயே அலுவல் இருந்தால் அங்கே தங்கலாம், இல்லையேல் வேண்டாம். எந்த வேலைக்காக வந்தோமோ அந்த வேலைக்கு அருகில் தங்குவதே உண்மையான சிக்கனம்.

தூரத்தைக் குறைத்திருப்பது மெட்ரோ இரயில். 2022 மார்ச்சில் தொடங்கிய இந்த இரயில், 2023 ஆகஸ்டு முதல் புனே இரயில் நிலையத்தையும், 2024 செப்டம்பர் முதல் பேருந்துகள் கூடும் ஸ்வார்கேட்டையும் தொட்டுச் செல்கிறது. சிவில் கோர்ட் நிலையத்தில் ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்துக்கு மாறிக்கொள்ளலாம். 1885இல் தோன்றிய பெர்குசன் கல்லூரிக்குச் செல்பவர், இரயில் நிலையத்தருகே தங்கினாலும் டெக்கான் ஜிம்கானா வரை மெட்ரோவில் சென்றுவிடலாம். ஆனால் நள்ளிரவில் மெட்ரோ ஓடாது. ஊரிலிருந்து வரும் வண்டியின் நேரத்தை அறிந்த பின்னரே இதை நம்ப வேண்டும்.

மாதக்கணக்கில் தங்க வருபவர்கள் அறிய வேண்டிய சொல் ஒன்று இவ்வூரில் வழங்குகிறது. அது 'காட் பேஸிஸ்'. அறை முழுவதையும் அன்றி, அறையிலுள்ள கட்டில் ஒன்றை மட்டும் வாடகைக்கு எடுப்பது என்பது அதன் பொருள். மாணவர் மிகுந்த ஊராதலால், கோத்ரூட், சதாசிவ பேட்டை முதலிய இடங்களில் இம்முறை பெருகியுள்ளது. அறையில் கட்டில்கள் எத்தனை, முன்பணம் எவ்வளவு, விட்டுச் செல்லும்போது அதில் எவ்வளவு பிடிப்பார்கள், இரவு எத்தனை மணிக்குக் கதவடைப்பார்கள் என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும். குடியிருப்போர் விவரத்தை வீட்டுக்காரர் காவல்துறைக்குத் தெரிவிப்பது இங்குள்ள நடைமுறை. அதைச் செய்ய மறுக்கும் வீட்டில் தங்குவது உசிதமன்று.

நாள் வாடகைக்குத் தங்குவோர் கேட்க வேண்டிய கேள்விகளும் சில உண்டு. வாடகை 24 மணி நேரத்துக்கா, அல்லது நண்பகல் 12 மணியோடு நாள் முடிந்துவிடுமா? இரண்டாவது வகையில், விடியற்காலையில் வந்து சேர்பவர் சில மணி நேரத்துக்கே ஒரு நாள் வாடகை கொடுக்க நேரிடும். வரி சேர்ந்த தொகையா என்றும் கேட்க வேண்டும். நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பழைய கணக்கில் 12 விழுக்காடு கேட்பவரிடம் இரசீதைக் கேட்டுப் பார்க்கலாம். அடையாளச் சான்றாக ஆதாரின் படி கொடுப்பவர்கள், கடைசி நான்கு இலக்கங்களைத் தவிர மற்றவை மறைக்கப்பட்ட படியைக் கொடுப்பது பாதுகாப்பு.

காலத்தையும் கருத வேண்டும். விநாயக சதுர்த்தியை அடுத்த பத்து நாட்களில் பேட்டைப் பகுதிகளில் அறை கிடைப்பது அரிது. கிடைத்தாலும் பெட்டியுடன் அத்தெருக்களைக் கடப்பது அதனினும் அரிது. ஆனி, ஆடி மாதங்களை ஒட்டிப் பண்டரிபுரம் செல்லும் பல்லக்குகள் இவ்வூரில் தங்கும் நாட்களிலும் அப்படியே. ஞானேசுவரரின் பல்லக்கு பவானி பேட்டை விட்டோபா கோயிலிலும், துக்காராமின் பல்லக்கு நானா பேட்டை விட்டோபா கோயிலிலும் இறங்குகின்றன. உடன் நடந்து வரும் வாரகரிகளின் பெருங்கூட்டத்தைப் பள்ளிகளும் கோயில்களும் வீடுகளின் திண்ணைகளும் ஏற்றுக்கொள்கின்றன. பெயரும் ஊரும் கேட்காமல், கால் கழுவ நீர் கொடுத்து உணவும் இடுகிறார்கள். நடந்து களைத்த முதியவள் ஒருத்தி, யாரோ ஒருவர் வீட்டு முன்கூடத்தில் அச்சமின்றி உறங்குவதை நாங்கள் கண்டோம். இதே ஊரில்தான் எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஓர் அறை கிடைக்கவில்லை.

தனியாக வரும் பெண்ணுக்கு அறை தரக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. அது சில விடுதிக்காரர்கள் தாமாக வகுத்துக்கொண்ட வழக்கம். பெண்களுக்குப் புகலிடம் அமைக்கப் பெரியோர் பாடுபட்ட ஊர் இது என்பதை எண்ணும்போது அவ்வழக்கம் இன்னும் கசக்கிறது. ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் ஆதரவற்ற விதவைகளுக்காக 1863இல் தம் வீட்டையே திறந்து வைத்தது இங்கேதான். தோண்டோ கேசவ் கார்வே விதவையர்க்கென 1896இல் இல்லம் தொடங்கியதும் இங்கேதான். வேலை பார்க்கும் மகளிர் விடுதிகளுக்கு மத்திய அரசு 1972-73 முதல் உதவி அளித்து வருகிறது; ஆனால் அவை மாதக்கணக்கில் தங்குவோர்க்கு உரியவை. ஓர் இரவுக்கு வருபவள் லாட்ஜையே நம்ப வேண்டியிருக்கிறது. எனவே புறப்படுமுன் விடுதிக்குத் தொலைபேசியில் பேசி, "எகட்யா முலீலா கோலீ மிளேல் கா?" என்று மராத்தியிலேயே கேட்டுவிட வேண்டும். தனியாக வரும் பெண்ணுக்கு அறை கிடைக்குமா என்பது இதன் பொருள். விடையளித்தவர் பெயரையும் குறித்துக்கொண்டு, ஒப்புதலை எழுத்தில் அனுப்பும்படி கேட்பது நல்லது. வண்டி தாமதித்தால் அதையும் வழியிலிருந்தே அறிவிக்க வேண்டும்.

இவ்வளவும் எழுதிய பின் ஒன்று நினைவுக்கு வருகிறது. சிவாஜி இளமையில் வளர்ந்த ஊர் புனே. அவருடைய தம்பி முறையான ஏகோஜியின் வழியினர் 1855 வரை தஞ்சையை ஆண்டனர். அவர்கள் இராமேசுவரம் செல்லும் வழியில் சத்திரங்கள் கட்டினார்கள். 1798 முதல் 1832 வரை ஆண்ட சரபோஜி மன்னர் காலத்து முக்தாம்பாள் சத்திரம் ஒரத்தநாட்டில் இன்றும் நிற்கிறது. மராத்தி பேசிய மன்னர்கள் தமிழ் நாட்டு வழிப்போக்கருக்கு இடமும் உணவும் அளித்தார்கள். இன்று நாம் மராத்தி நாட்டுக்கு வந்து வாழ்கிறோம். சத்திரம் கட்ட நம்மிடம் பொருள் இல்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் பாய் ஒன்றும் தலையணை ஒன்றும் உண்டு. எல்லாரையும் எல்லா நாளும் வைத்துக்கொள்ள இயலாது என்பதும் உண்மையே. முதல் இரவை மட்டுமாவது ஏற்கலாம் அன்றோ? நாம் ஊரில் இல்லாதபோது, அருகிலுள்ள மற்றொரு குடும்பத்தின் எண்ணையேனும் வருபவரிடம் கொடுக்கலாம். நாங்கள் அன்று செய்யத் தவறியது இதுவே.

அப்பெண்ணுக்கு வேலை கிடைத்தது. இப்போது கோத்ரூட்டில் ஓர் அறையில் மூன்று கட்டில்களில் ஒன்று அவளுடையது. சென்ற மாதம் இரவு பதினொரு மணிக்கு அவள் எங்களுக்குத் தொலைபேசினாள். மதுரையிலிருந்து ஒரு பெண் புதிதாக வேலைக்கு வருகிறாளாம்; அவளை அழைத்து வர நிலையத்தில் காத்திருப்பதாகவும், வண்டி ஒரு மணி நேரம் தாமதம் என்றும் சொன்னாள். "நாங்களும் வரட்டுமா?" என்று கேட்டோம். "வேண்டாம் பெரியம்மா, நான்தான் இருக்கிறேனே" என்றாள்.