மாமாவின் தோட்டாக்கள்

ராசிபுரத்துக்கு அருகே நமக்கு மாமா ஒருவர் இருக்கிறார். வயது எழுபத்திரண்டு. மரவள்ளியும் மஞ்சளும் விளையும் பூமிக்கு நடுவே அவர் வீடு. கொங்கு நாட்டார் தோட்டத்துச் சாளை என்று சொல்வார்களே, அந்த மாதிரி. பிள்ளைகள் இருவரும் வெளியூரில் உத்தியோகம் பார்க்கிறார்கள். இரவு எட்டு மணிக்குமேல் அந்த வீட்டில் மாமா, அத்தை, ஒரு நாய் ஆகிய மூவரைத் தவிர வேறு துணை கிடையாது.

2024 நவம்பரில் பல்லடத்துக்கு அருகே இப்படிப்பட்ட ஒரு தோட்டத்து வீட்டில் மூவர் கொலையுண்ட செய்தி வந்தது. மறுவாரமே மாமா துப்பாக்கி உரிமத்துக்கு மனுப் போட்டுவிட்டார். போலீஸ் விசாரணை, பயிற்சிச் சான்று என்று அவர் பல படிகள் ஏறி இறங்கினார். அதற்குள் 2025-இல் சிவகிரிக்கு அருகே ஒரு முதிய தம்பதி கொல்லப்பட்ட செய்தியும் வந்து சேர்ந்தது. இந்த நிலையில் "வீணாக ஏன் பயப்படுகிறீர்கள்?" என்று மாமாவைக் கேட்க நமக்கு நா எழவில்லை.

உரிமம் கிடைத்தது. மாமா வாங்கி வந்த ரிவால்வரின் பெயர் 'நிடர்'. வங்காளத்தில் இச்சாபூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்தது. எடை சுமார் 250 கிராம். அதாவது கால் கிலோ கத்தரிக்காய். உள்ளங்கையில் வைத்து மூடினால் பாதிக்குமேல் மறைந்துவிடும். ஹிந்தியில் நிடர் என்றால் அச்சமற்றவன் என்று அர்த்தமாம். பெயர் துப்பாக்கிக்குப் பொருந்தியது. வாங்கியவருக்குப் பொருந்தியதாகத் தெரியவில்லை. ஏனெனில், தோட்டாக்களைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, துரு ஏறிவிடுமோ என்று பயந்து, மாதம் ஒருமுறை அவற்றுக்குத் தேங்காயெண்ணெய் தடவி வந்தார் மாமா!

இந்த அபிஷேக விவரத்தை நமக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவரிடம் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "ஞாயிற்றுக்கிழமை அவரை ரைபிள் கிளப் மைதானத்துக்கு அழைத்து வாருங்கள். அந்தத் தோட்டாக்களும் வரட்டும்" என்றார்.

மைதானத்தில் மாமா குறிப் பலகையைப் பார்த்து நின்று விசையை அழுத்தினார். மூன்று தோட்டாக்கள் வெடித்தன. நான்காவது 'டிக்' என்றது. அவ்வளவுதான்.

"துப்பாக்கியை இறக்காதீர்கள்! குறியையே பார்த்திருக்கட்டும்" என்றார் சுபேதார். சில சமயம் மருந்து தாமதித்துப் பற்றுமாம்; அரை நிமிஷம் பொறுத்தே உருளையைத் திறக்க வேண்டுமாம். அந்த அரை நிமிஷத்தில் மாமாவின் முகம் வெளுத்ததை நாம் பார்த்தோம். பிறகு இன்னும் ஒன்று 'டிக்' என்றது. இத்தனை மாதங்களாகத் தாம் எதை நம்பித் தூங்கினோம் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

சுபேதார் விளக்கினார். பெரிய துப்பாக்கியின் தோட்டாவுக்கு அடிப்பாகத்தின் நடுவில் பொட்டு வைத்தாற்போல் ஒரு கேப்பு இருக்கும். ஊசி அதைக் குத்தும். இந்தச் சிறு ஜாதித் தோட்டாவுக்கு நடுவில் ஒன்றும் கிடையாது. பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பை மடித்து, அந்த மடிப்புக்குள்ளேயே பற்றுமருந்தைச் சுற்றிலும் பரப்பியிருப்பார்கள். துப்பாக்கியின் குதிரை விழுந்து விளிம்பை நசுக்கினால் அது பற்றும். மருந்து பரவாத இடத்தில் அடி விழுந்தால் பற்றாது. ஈயக் குண்டும் கூட்டின் வாயில் மேலாகப் பொருந்தியிருப்பதுதான். எண்ணெய் அந்த இடுக்கு வழியே உள்ளே கசிந்தால் மருந்து செத்துவிடும். ஆகவே மாமா துருவைத் தடுக்கவில்லை, தோட்டாவைக் கொன்றுகொண்டிருந்தார்.

தோட்டாவும் கொழுப்பும் என்றதும் நமக்கு 1857 நினைவுக்கு வந்தது. கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பல்லால் கடிக்க மாட்டோம் என்று சிப்பாய்கள் மறுத்ததிலிருந்து மூண்ட தீயல்லவா அது? மங்கள் பாண்டே எழுந்த பாரக்பூர், இந்த ரிவால்வர் பிறந்த இச்சாபூருக்கு அண்டை ஊர். அதே 1857-இல்தான் அமெரிக்காவில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் விளிம்புத் தோட்டா போடும் முதல் சின்ன ரிவால்வரை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பிற்பாடு 1878-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் வந்தது. வெள்ளையருக்கு விலக்களித்து, இந்தியனை அவன் வீட்டிலேயே நிராயுதபாணியாக்கிய சட்டம் அது. இன்று நம்மை ஆள்வது சுதந்திர இந்தியா 1959-இல் இயற்றிய சட்டம். மாமாவின் கையில் உரிமப் புத்தகம் இருப்பது அற்ப விஷயமல்ல. ஆகையால் அதற்குரிய பொறுப்பும் அற்பமானதல்ல.

அடுத்த படலம் சேலத்துத் துப்பாக்கிக் கடை. "இருப்பதிலேயே பலமானது எது?" என்று கேட்டார் மாமா. சுபேதார் குறுக்கிட்டார். புள்ளி இருபத்திரண்டு என்று மட்டும் சொல்லி வாங்கினால் மோசம் போவோமாம். அந்தப் பெயரில் 'ஷார்ட்' உண்டு. 1887-இல் வந்த 'லாங் ரைபிள்' உண்டு. 1959-இல் வந்த 'மாக்னம்' உண்டு. குழலின் மேல் எது பொறித்திருக்கிறதோ அதைத் தவிர மற்றது ஆகாது. மாமாவுடையது லாங் ரைபிள்.

அதிலும் வேகமானது, நிதானமானது, முனை குழிந்தது, செம்புப் பூச்சுள்ளது என்று பல வகை. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வேகம் நீண்ட ரைபிள் குழலில் அளந்தது. விரற்கடை நீளக் குழலுள்ள ரிவால்வரில் அதில் பெரும்பகுதி வராது. மருந்தில் ஒரு பங்கு குழலுக்கு வெளியே நெருப்பாகவும் சத்தமாகவும் போய்விடும். முனை குழிந்த குண்டுக்குக் கொடுக்கும் அதிகப் பணமும் இத்துடன் போயிற்று. குண்டின் எடை 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம். மூன்று குண்டு சேர்ந்தால் ஒரு பவுன் எடை தேறும். இத்தனை சிறியதிடம் பலத்தைத் தேடுவது வீண். தட்டினால் தவறாமல் பற்றுகிறதா என்பது ஒன்றே கேள்வி.

அதை எப்படி அறிவது? நாமக்கல்லில் முட்டையை விளக்கொளியில் பிடித்துப் பார்த்துக் கெட்டதை ஒதுக்குகிறார்கள். தோட்டாவுக்கு அப்படி ஒரு விளக்கு இல்லை. ஒன்று நல்லதா என்று சுட்டால்தான் தெரியும். சுட்டபின் அது தோட்டாவே அல்ல. எனவே ஒரே வரிசை எண்ணுள்ள பெட்டிகளாக வாங்கி, அவற்றில் ஒரு பெட்டியைச் சுட்டுப் பார்த்து, மற்றவற்றை நம்ப வேண்டும்.

மாமாவுக்கு மனசு வரவில்லை. உரிமப் புத்தகத்தில் கண்ட கணக்குக்குமேல் ஒன்றும் வாங்க முடியாதே! "மாப்பிள்ளை, இருக்கிறதைச் சுட்டுத் தீர்த்துப்போட்டு, திருடன் வந்தா வெறுங்கையைக் காட்டறதுங்களா?" என்று நம்மைக் கேட்டார்.

"போன வாரம் வரை நீங்கள் காட்டியிருக்கக்கூடியதும் அதுதானே, மாமா?" என்றோம்.

அவர் மறுபேச்சுப் பேசவில்லை. இரண்டு வகைகளில் சோதனை நடந்தது. வேகமானதில் ஒன்று பற்றவில்லை. நிதான வேகமுள்ள சாதாரண ஈயக் குண்டுப் பெட்டி முழுவதும், ஐம்பதும், வெடித்தது. அதையே தேர்ந்தெடுத்தோம். இடையிடையே உருளையின் அறைகளைத் துடைக்கச் சொன்னார் சுபேதார். கரி படிந்தால் தோட்டா அடிவரை உட்காராது. குதிரையின் முதல் அடி அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும்.

கடைசியாக அவர் இன்னொன்றும் சொன்னார்: "இந்தக் குண்டு சிறிசு என்று நினைக்காதீர்கள். குறி தவறினால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழும். உங்கள் தோட்டத்துக்குப் பின்னால் யார் வீடு?" மாமா வெகுநேரம் யோசித்தார். பின்னால் இருப்பது அவருடைய தங்கை வீடு. உயிருக்கு ஆபத்து என்றால் தற்காப்புக்குச் சட்டம் இடம் தருகிறது. தேங்காய் திருடுகிறவனைச் சுட இடம் தரவில்லை. இருட்டில் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

கத்தியும் ரத்தமும் இல்லாத யுத்தத்தை 1930-இல் உப்பு சத்தியாக்கிரகிகளுக்காகப் பாடிய ராமலிங்கம் பிள்ளை இந்த நாமக்கல் சீமைக்காரர்தான். மாமாவுக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். ஆயினும் சாளையில் தனித்திருக்கும் கிழவரிடம் ரிவால்வரைக் கீழே போடும்படி உபதேசம் செய்ய நாம் முன்வரவில்லை.

சென்ற மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். தோட்டாக்கள் பெட்டியோடு, எண்ணெய் படாமல், உலர்ந்த அலமாரியில் பூட்டப்பட்டிருந்தன. பேரக் குழந்தைகள் வரும் நாட்களில் சாவி அத்தையின் இடுப்பில். தங்கை வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவே ஓர் அழைப்பு மணி. வாசலிலும் கிணற்றடியிலும் புதிய விளக்குகள்.

"இப்போது நன்றாகத் தூக்கம் வருகிறதா, மாமா?" என்று கேட்டோம்.

"தோட்டாவை மாத்தினப்போ வரலீங்க, மாப்பிள்ளை. விளக்குப் போட்டதுக்கப்புறம் வருது" என்றார்.