தெருமுனை பில்லரும் லைன்மேன் காதும்

மயிலாப்பூர் மாடவீதிகளில் கோலப்பொடி, கொலு பொம்மை, டிபன் என்று தேடிப் போகிறவர்கள், தெருமுனையில் போஸ்டர் ஒட்டிக் கிடக்கும் இரும்புப் பெட்டியைக் கண்டுகொள்வதில்லை. டெலிபோன்காரர்கள் அதை ‘பில்லர்’ என்பார்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து பூமிக்கடியில் வரும் தடித்த கேபிள் இங்கேதான் பிரிந்து, வீட்டுக்கு இரண்டு செம்புக் கம்பியாகக் கிளம்புகிறது. 1882-லேயே டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் கண்ட ஊர் சென்னை.

போன் ‘டெட்’ என்று புகார் வந்தால் லைன்மேன் பில்லரைத் திறப்பார். இடுப்பில் தொங்கும் டெஸ்ட் போனின் இரண்டு கிளிப்புகளையும் கம்பியில் மாட்டுவார். டயல் டோன் கேட்டால், கோளாறு வீட்டுப் பக்கம். கேட்காவிட்டால், எக்ஸ்சேஞ்ச் பக்கம்.

அடுத்தது மல்டிமீட்டர். ரிசீவர் வைத்திருக்கும்போது லைனில் சுமார் 48 வோல்ட் இருக்கும். எடுத்தால் 10 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். அந்த 48 வோல்ட் எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து வருவது. வீட்டில் கரண்ட் போனாலும் பழைய கறுப்பு போன் பேசியதற்கு அதுதான் காரணம்.

அடையாறு பக்கம் மழைக்காலத்தில் ‘மெக்கர்’ தேவைப்படும். கேபிள் இணைப்புக்குள் ஈரம் இறங்கினால் இரண்டு கம்பிகளுக்கு இடையே மின்சாரம் கசியும். பேச்சில் கரகரப்பு வரும். மெக்கரில் மெகா ஓம் கணக்கில் காட்ட வேண்டிய அளவு சரிந்தால், எங்கோ தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். 2015 டிசம்பரில் அடையாறு ஆறே தெருவுக்குள் வந்ததைப் பார்த்தவர்களுக்கு, மண்ணுக்குள் கிடக்கும் கம்பியின் பாடு புரியும்.

இந்தக் கருவிகளை நேரில் பார்க்க, தி.நகரிலிருந்து அண்ணா சாலை வழியே ரிச்சி தெருவுக்குப் போகலாம். மல்டிமீட்டர்கள் அடுக்கிய கடைகளில் இப்போது ஃபைபர் சோதனைக் கருவிகளும் இருக்கின்றன. செம்புக்குப் பதில் கண்ணாடி இழை வந்துவிட்டதே! ‘ஓ.டி.டி.ஆர்.’ என்ற கருவி இழைக்குள் ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை அளக்கும். ஒளி 10 மைக்ரோ செகண்டில் திரும்பினால், அறுந்த இடம் 1 கிலோமீட்டர் தூரத்தில். 2020-ல் சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் போன சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிளும் இதே ஜாதிதான்.

அதே 2020 ஜனவரியில், நாடு முழுவதும் பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் சுமார் 78,000 பேர் விருப்ப ஓய்வில் வெளியேறினார்கள். எந்தத் தெருவில் எந்த இணைப்பு மழைக்குத் தாங்காது என்று மனப்பாடமாக வைத்திருந்த லைன்மேன்களும் அதில் உண்டு. மீட்டர் எண்ணைக் காட்டும். அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் தெருவைச் சொல்ல ஆள் வேண்டும்.

அடுத்த முறை மாடவீதிக்குப் போகும்போது, பில்லரின் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். எத்தனை கல்யாணச் செய்தி, எத்தனை நள்ளிரவு அழைப்பு அதன் வழியே போயிருக்கும்!