பொய்க் குண்டு

2000 தீபாவளிக்கு வெளியான 'தெனாலி' உத்திரமேரூர்க் கொட்டகைக்கு வரச் சில மாதங்கள் பிடித்தன. எனக்கு அப்போது பத்து வயது. கமல்ஹாசன் இலங்கைத் தமிழில் பயப்படப் பயப்படக் கொட்டகை சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிறகு பி.ஏ. ஆங்கிலம் படித்துக் கெட்டுப்போனேன். வதை முகாம்களின் நிஜம் தெரிந்திருந்தால் 'தி கிரேட் டிக்டேட்டர்' (1940) படத்தை எடுத்திருக்க முடியாது என்று சாப்ளின் தன் சுயசரிதையில் (1964) சொல்லியிருப்பதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். 'தெனாலி' மீது என் குற்றச்சாட்டு இது: 'வாட் அபௌட் பாப்?' (1991) என்ற அமெரிக்கப் படத்தின் சாயல் அதில் உண்டு. அங்கே பயந்தவனுக்குச் சரித்திரம் கிடையாது. இங்கே இலங்கைப் போரை ஒட்டவைத்தார்கள். பொறுமையிழந்த வைத்தியர் நோயாளியின் உடம்பில் குண்டைக் கட்டுவதும், அவன் அதைச் சிகிச்சை என்று நம்புவதும் அப்படியே வந்து சேர்ந்தன. ஈழத்தமிழன் உடம்பில் குண்டு. 1991 மே 21 நடந்த ஸ்ரீபெரும்புதூர் எங்களூரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். போர் நினைவை அவன் பேசும் இடம் ஒன்றே படத்தின் கௌரவம் என்பேன்.

போன வருஷம் பாங்க் கவுண்டருக்கு ஒரு அம்மாள் வந்தார், 1990-இல் படகேறியவர். 2021 முதல் அரசாங்கத்துக்கு அது 'மறுவாழ்வு முகாம்'. அவருக்கு வெறும் முகாம். நெட்வொர்க் செத்துக் கிடந்தது. பேச்சுவாக்கில் 'தெனாலி' பற்றிக் கேட்டுவிட்டேன். காயம்பட்ட பதில் ஒன்றை எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"எத்தினை தரம் பார்த்தனாங்கள், தம்பி. அந்தத் தமிழே சிரிப்பு. எங்கட ஊரில ஒருத்தரும் அப்பிடிக் கதைக்க மாட்டினம்."

குண்டு கட்டுகிற இடம்?

"அதிலதான் கூடச் சிரிச்சனாங்கள். உண்மைக் குண்டைப் பொய்யெண்டு நம்புறாரெல்லோ. ஷெல் விழேக்க நாங்களும் அப்பிடித்தான் இருந்தனாங்கள்."

அவன் உருகுகிற இடம் வந்தால் முகாமில் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவார்களாம்.

பல வருஷம் கட்டிக் காத்த வாதம். அதற்காகப் படத்தை மன்னித்துவிட்டதாக அர்த்தமில்லை. அந்தக் குண்டு இந்த அம்மாளை நினைத்து வைக்கப்பட்டதல்ல, அமெரிக்கக் கதையில் ஏற்கெனவே இருந்தது. எடுத்தவர்கள் அறியாத ஒன்றை அவர் அதில் பார்த்தார். கொட்டகையில் நாங்கள் சிரித்ததும் அவர் சிரித்ததும் ஒரே இடத்தில்தான்; அதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

"நீங்கள் சிரிச்சனீங்களோ?" என்றார்.

சிரித்தேன் என்றேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை. நெட்வொர்க் வந்துவிட்டது.