தண்ணி பிடிக்கும் சத்தம்

கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். எண்ணூரைத் தாண்டியதும் பெட்டிக்குள் இரண்டு காற்று அடிக்கும். கிழக்கு ஜன்னலில் உப்பளத்துக் காற்று, சேற்று வாடையும் கருவாட்டு வாடையுமாக. மேற்கு ஜன்னலில் நாற்றங்கால் வாசனை. அத்திப்பட்டு ஸ்டேஷன் நெருங்க நெருங்க, எங்கோ ஒரு கழனிக்குள்ளிருந்து ‘டுக்... டுக்... டுக்’ என்று ஆயில் எஞ்சின் கேட்கத் தொடங்கும். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் எழுந்து பையை எடுத்துக்கொண்டு கதவோரம் போய்விடுவோம்.

எந்த எஞ்சின் யாருடையது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். புகைக்குழாய் வாயில் மழைத்தண்ணி இறங்காமலிருக்க ஆளுக்கொரு டப்பாவைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஒருவர் பால் டின், இன்னொருவர் கொட்டாங்குச்சி. டப்பா மாறினால் தாளமும் மாறும். சொர்ணவாரிப் பட்டத்தில், சித்திரை வைகாசி வெயிலில், விடியற்காலை மூன்று மணிக்கே ஊரைச் சுற்றி இந்தக் கச்சேரி ஆரம்பித்துவிடும். சம்பாவுக்கு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஒவ்வொன்றாக நின்றுபோகும். எஞ்சின்கள் ஓய்ந்த அந்த மாதங்களில்தான் எங்கள் ஊர்ப் பம்புப் பட்டறைக்கு ஓய்வே கிடையாது. கிணறு மூழ்குவதற்குள் பம்பைக் கழற்றி மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு, பழவேற்காடு சாலைப் பக்கத்திலிருந்தெல்லாம் வந்துவிடுவார்கள்.

பட்டறை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சிமெண்ட் ஷீட் கூரை, ஒரு லேத்து, ஒரு ட்ரில்லிங் மெஷின், பின்கட்டில் சின்னதாக ஒரு பவுண்டரி. அந்தப் பவுண்டரியின் மோல்டர் தாத்தாவை ஊரே ‘நைனா’ என்று கூப்பிட்டது. மரத்தில் செதுக்கிய பேட்டர்னை மண்ணுக்குள் பதித்து, மேல்பெட்டியைத் தூக்கி, ஒரு மணல் உதிராமல் பேட்டர்னை உருவி எடுப்பார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். பம்புக்குள் தண்ணீர் சுற்றிவரும் நத்தைக்கூட்டு வழிக்கு உள்ளே வைக்கிற மணல் கோர் தனி. மொலாசஸ் ஊற்றிப் பிசைந்து அடுப்பில் சுட்டு எடுப்பார். அப்போது தெரு முழுக்க வெல்லம் தீய்ந்த வாசனை அடிக்கும். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அந்த வாசனைதான் சாயங்காலம். காய்ச்சிய உலோகம் ஊற்றுவது பொழுது சாய்ந்த பிறகுதான். வெளிச்சம் குறைந்தால்தான் உருக்கின் நிறம் தெரியும், நிறம் தெரிந்தால்தான் சூடு தெரியும் என்பார்.

ஃபிட்டர் அண்ணன் வேறு மாதிரி. நைனாவுக்குக் கண் என்றால் அவருக்குக் காது. எஞ்சினின் ஃப்யூயல் பம்பைப் பிரித்து மாட்டியதும், ஹாண்டிலை மெதுவாகச் சுற்றச் சொல்லி, நோஸில் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்பார். டீசல் பூவாகத் தெறித்தால் ‘கர்ர்’ என்று ஒரு கரகரப்பு வரும். அது வந்தால்தான் தலையாட்டுவார். விரல் தடிமன்கூட இல்லாத பிளஞ்சர், மயிரிழை இடைவெளியில் ஏறி இறங்கி, ஒரு சொட்டு டீசலை அத்தனை அழுத்தத்தில் தள்ளுகிறது. அந்தச் சொட்டின் பலத்தில்தான் பக்கத்திலிருக்கும் பெரிய பம்பு ஆறங்குலக் குழாய் நிறையத் தண்ணீரைக் கொட்டுகிறது. ‘சின்ன பம்பு குட்சாத்தான்டா பெரிய பம்பு கக்கும்’ என்பார் அண்ணன். 1951இல் தொடங்கிய பெங்களூர் மைக்கோ கம்பெனியின் நோஸில்களைச் சின்ன மரப்பெட்டியில் துணி சுற்றி வைத்திருந்தார். அதை யாரும் தொடக்கூடாது. ரேஷன் கடை மண்ணெண்ணெய் பேரலில் செருகுகிற கைப்பம்பும் அவரிடம்தான் வரும். அதற்குக் கூலி வாங்கமாட்டார். வரிசையில் நிற்காமல் எங்கள் வீட்டுக்கும் சேர்த்து மண்ணெண்ணெய் வந்துவிடும்.

புது பம்பு மாட்டுகிற நாள் ஒரு சின்னத் திருவிழா. சந்தனம், குங்குமம், ஃப்ளைவீலுக்கடியில் ஓர் எலுமிச்சம்பழம். ஒருவர் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி ஏர் எடுப்பார். குழாயின் அடிமுனையிலிருக்கும் புட்வால்வு கசிந்தால் சாணியைக் கரைத்து ஊற்றுவதும் உண்டு. ‘நைனா, தண்ணி புடிக்கல நைனா’ என்று கழனிக்காரர் கலங்குவார். ‘புடிக்கும் இரு’ என்பார் நைனா. எஞ்சின் வேகமெடுக்கும். குழாய் வறட்டு இருமல் இருமும், துருத்தண்ணியைத் துப்பும், பிறகு திடீரென்று எஞ்சினின் சத்தமே கனத்துக் கீழிறங்கும். பம்பு தண்ணி பிடித்துவிட்டது என்பதை அந்தக் கனத்தில்தான் தெரிந்துகொள்வோம். வெள்ளை வெளேரென்று பாய்கிற முதல் தண்ணீரைக் கையில் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். பெல்ட்டில் தடவிய குங்கிலியத்தின் வாசனையும் டீசல் புகையும் ஈரமண்ணும் கலந்து அடிக்கும்.

பம்பு என்றால் கோயம்புத்தூர்தான் என்று சொல்வார்கள். மறுக்க முடியாது. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தது, 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்துகாட்டினார்கள், அதன் பிறகு அந்த ஊரில் வீதிக்கு வீதி பவுண்டரி. லிங்கிச்செட்டித் தெருக் கடைகளில் எங்கள் அண்ணன் வாங்கிவந்த மோனோபிளாக் பம்புகளில் பலவும் அங்கே வார்த்தவைதான். ஆனால் அவர்களுடையது பாறையைக் குடைந்த கிணறு. எங்களுடையது ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து கொட்டிய மணல். இங்கே நுணுக்கம் ஃபில்டர் பாயிண்டில் இருந்தது. குழாயில் துளை போட்டு, கயிறு சுற்றி, மணல் ஏறாமல் தண்ணீர் மட்டும் ஏறுகிற மாதிரி இறக்கவேண்டும். அந்த வித்தையில் எங்கள் பட்டறைக்கு ஈடு இந்தப் பக்கத்தில் கிடையாது என்று இன்றைக்கும் சொல்வேன்.

தெருமுனைக் கைப்பம்பையும் மறக்கக்கூடாது. இந்தியா மார்க் 2. யூனிசெஃப் துணையோடு உருவாகி, 1970களில் கோவை மாவட்டத்துக் கிராமங்களில் சோதித்துப் பார்த்து, சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் ஆலையில் செய்த பம்பு அது. இங்கிருந்து ஆப்பிரிக்கா வரைக்கும் போனது. அதன் தலைக்குள் கைப்பிடியோடு ஒரு சங்கிலி தொங்கும். கிரீஸ் வற்றிவிட்டால் அது அழும். கோலம் போட எழுந்த பெண்கள் அந்த அழுகையில்தான் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள்.

இதே தண்ணீரின்மேல் பட்டணத்தின் கண்ணும் விழுந்திருந்தது. 1966இலிருந்து 1969 வரை ஐ.நா. உதவியோடு நிலத்தடி நீரை ஆராய்ந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று மூன்று இடங்களைக் கூட்டமாகக் கிணறு போடக் குறித்தார்கள். பட்டணத்தின் தாகத்துக்கும் மணலி ஆலைகளுக்கும் இரவு பகலாகத் தண்ணீர் போனது. எங்கள் எஞ்சின்களும் நிற்காமல்தான் இறைத்தன. அடியில் நல்ல தண்ணீர் இறங்க இறங்க, கடல் உள்ளே வந்தது. 1969வாக்கில் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் இருந்த உப்பு, 1980களின் நடுவில் 8, 9 கிலோமீட்டருக்கு வந்துவிட்டது என்பது ஆய்வுகளில் பதிவான கணக்கு.

எங்கள் ஊரில் இதை முதலில் பார்த்தது பட்டறைதான். பத்து வருஷம் உழைக்கவேண்டிய இம்பெல்லர் இரண்டாம் வருஷமே அம்மை போட்ட முகம்போலக் குழி விழுந்து திரும்பிவரும். கேசிங்கைப் பிரித்தால் உள்ளே வெள்ளைப் பொருக்கு. நைனா நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். இரும்பை விட்டுவிட்டு கன்மெட்டலில் வார்க்க ஆரம்பித்தார். மூசையில் பித்தளையும் செம்பும் பழுத்து, பச்சைத் தீ எழும். கொஞ்ச காலத்துக்கு அது தாக்குப்பிடித்தது. பம்பு தாக்குப்பிடித்து என்ன, பயிர் தாக்குப்பிடிக்கவேண்டுமே. நவரைப் பட்டம் முதலில் போயிற்று, பிறகு சொர்ணவாரி. மழையை நம்பிய சம்பா மட்டும் மிஞ்சியது.

சத்தமும் அதே காலத்தில்தான் குறைந்தது. சிறு விவசாயிகளுக்கு 1984இலும் எல்லோருக்கும் 1990இலும் மின்சாரம் இலவசமாயிற்று. எஞ்சின் போய் மோட்டார் வந்தது. நல்லதுதான், டீசலுக்குக் கடன் வாங்குகிற பாடு ஒழிந்தது. ஆனால் மோட்டார்கள் எல்லாம் ஒரே மாதிரி முனகின. இருட்டில் படுத்துக்கொண்டு, இது மேலண்டை கழனி, இது ஏரிக்கரை என்று சொல்ல முடியாமல் போயிற்று.

அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். 1994இல் எங்கள் பக்கத்தில் ஓர் அனல்மின் நிலையம் ஓடத்தொடங்கியது, 2001இல் எண்ணூர்த் துறைமுகம். எண்ணெய்க் கிடங்குகளின் வெள்ளை டேங்குகள் எழுந்தன. 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, நாளைக்குப் பத்துக் கோடி லிட்டர். காற்றழுத்தத்தைப்போல சுமார் அறுபது மடங்கு அழுத்தத்தில் கடல்தண்ணீரைச் சவ்வுக்குள் தள்ளுகிற பம்புகளை அங்கே வைத்தார்கள். இருபதடி ஆழத்தில் சும்மா கிடைத்த இனிப்புத் தண்ணீருக்காக அத்தனை பலம்.

2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, கொண்டுவந்த உறிஞ்சு வண்டிகள் எல்லாம் திணறி, கடைசியில் ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். ‘கெட்டி எண்ணெய்க்கு சுத்துற பம்பு ஆவாது, பல்லு பம்புதான்’ என்று நைனா பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அன்றைக்கு எனக்கு நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்பதற்கு நைனா இல்லை. பேட்டர்ன்கள் ஒரு மார்கழியில் வெந்நீர் அடுப்புக்குப் போய்விட்டன.

ஃபிட்டர் அண்ணன் மட்டும் கொஞ்ச காலம் பட்டறையைத் திறந்து வைத்திருந்தார். போர் போடுகிறவர்கள் நானூறடி ஐநூறடிக்கு இறங்கி, சப்மெர்சிபிள் மோட்டாரை இறக்கினார்கள். அது கெட்டுப்போனால் ஊர்ப்பழக்கத்தில் அவரைத்தான் வந்து கூப்பிடுவார்கள். போவார், போர்க் குழாயின் மேல்மூடியில் காதை வைத்துப் பார்ப்பார். ‘அவ்ளோ அடியில கீதுப்பா, ஒண்ணும் கேக்கல. கடைல குடுத்து வேற மாத்திக்கோ’ என்று சொல்லிவிட்டு, கொடுத்த காசை வாங்காமல் திரும்பிவருவார். லேத்தை எடைக்குப் போட்டபோது நோஸில் பெட்டியை மட்டும் கொடுக்கவில்லை. பட்டறை இருந்த இடம் கண்டெய்னர் யார்டின் சுற்றுச்சுவருக்குள் போய்விட்டது. அவருடைய பிள்ளைகள் அனல்மின் நிலையத்தில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறார்கள். வீட்டுக்குக் குடிதண்ணீர் கேனில் வருகிறது.