குடும்ப ஜாடை

மூக்கு அப்பாவோடது, நடை தாத்தாவோடதுன்னு எல்லா வீட்லயும் ஒரு ஜாடைக் கணக்கு உண்டு. எங்க பெரியப்பா குடும்பத்துக்கு அது சின்னத் தாடை, கொஞ்சம் இறங்கின காது, உள்பக்கமா வளைஞ்ச சுண்டுவிரல். "விரலைப் பாத்தாலே நம்ம புள்ளைன்னு சொல்லிடலாம்" என்று பாட்டி பெருமையாகச் சொல்லுவார்.

அந்த ஜாடைக்கு இப்போ ஒரு பேர் கிடைச்சிருக்கு. கேசிஎன்ஜே2. வண்டி நம்பர் மாதிரி இருக்குல்ல? :) மரபணுவோட பேருங்க அது. 17-வது குரோமோசோமில் இருக்கு. உங்ககிட்டயும் இருக்கு, என்கிட்டயும் இருக்கு. அவங்களோடதுல மட்டும் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கு.

இந்த மரபணு என்ன செய்யுது? தசை செல்லின் சுவரில் பொட்டாசியம் போய்வர ஒரு கதவு செய்யச் சொல்லுது. செல்லுக்கு வெளியே இருப்பதைவிட உள்ளே பொட்டாசியம் 30 மடங்குக்கும் மேல் அதிகம். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் ஓய்வில் இருக்கும் தசை சுமார் மைனஸ் 90 மில்லிவோல்ட்டில் தயாராக நிற்கிறது. கதவு பழுதானால் அந்த நிலை தளர்ந்துவிடும். மூளை கட்டளை போடும், நரம்பு அதைக் கொண்டுவந்து சேர்க்கும், ஆனால் தசை அசையாது. இதயமும் தசைதானே? அங்கே இதே கதவுதான் ஒவ்வொரு துடிப்புக்கப்புறமும் செல்லை ஓய்வுக்குத் திருப்பிக் கொண்டுவர உதவுது. பழுதானால் தாளம் தப்பும்.

"ஒரு நகல் அப்பாகிட்ட, ஒரு நகல் அம்மாகிட்ட வாங்குறோமே, ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு சமாளிக்காதா?"ன்னு நீங்க கேக்கலாம். இங்கதான் சிக்கல். ஒரு கதவுக்கு நாலு துண்டு வேணும். நாலு பேர் தூக்குற பல்லக்குன்னு வச்சுக்குங்க, ஒருத்தர் கால் மடங்கினாலும் பல்லக்கு சாயும். துண்டுகளில் பாதி பழுதுன்னா, நாலும் நல்லதா அமைய 16-ல் 1 வாய்ப்புதான். பிள்ளைக்குப் போறதுக்கு 50 சதவீத வாய்ப்பு.

பெரியப்பாவுக்கு வருவோம். அறுப்பு நாளில் ரெண்டு ஆள் வேலையை ஒத்தையாகச் செய்வார். மறுநாள் காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாது. நினைவு இருக்கும், பேச்சு இருக்கும், கால் மட்டும் வராது. வெயில் உச்சிக்கு ஏறும்போது தானாகச் சரியாகி நடந்து வருவார். டிமிக்கி என்றார்கள், செய்வினை என்றார்கள், தாயத்து கட்டினார்கள். 1989-ல் 44 வயசில் தூக்கத்திலேயே போய்விட்டார். "புண்ணியவான், நோகாம போயிட்டாரு" என்றது ஊர்.

அவர் மகனுக்கும், அதாவது எங்க அண்ணனுக்கும், காலேஜ் நாளில் கால் வராமல் போச்சு. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்தார்கள், சரியாக இருந்தது. "மனசுலதான் பிரச்சினை" என்று அனுப்பிவிட்டார்கள். இந்த நோயில் பொட்டாசியம் குறையலாம், கூடலாம், அப்படியேவும் இருக்கலாம்!

2016-ல் அண்ணன் ஆபீஸில் மயங்கி விழுந்தார். ஈசிஜி பார்த்த இதய டாக்டர் ஒன்றும் பேசாமல் அண்ணன் கையைப் பிடித்துச் சுண்டுவிரலைப் பார்த்தாராம். அப்புறம், "அப்பா போட்டோ இருக்கா?" என்று கேட்டாராம்.

பேர் ஆண்டர்சன்-டவில் நோய். (தவில் இல்லீங்க, டவில்!) டென்மார்க்கில் ஆண்டர்சன் குழுவினர் 1971-லேயே எழுதிவிட்டார்கள். தசை பலவீனம், இதயத் துடிப்பில் கோளாறு, முகமும் எலும்பும் வளர்வதில் மாற்றம், மூன்றும் ஒரே பையனுக்கு. 1994-ல் டவில் அதை விரிவாக்கினார். 2001-ல் மரபணு அகப்பட்டது. தசைக் கதவு தாடையை எப்படி மாத்தும்? எனக்கும் அதே சந்தேகம்தான். பழ ஈயில் இதே வகைக் கதவை முடக்கினால் இறக்கை கோணலாக முளைக்குதாம். உடம்பு உருவாகும்போதும் இந்தக் கதவுக்கு வேலை இருக்கு. ஆக, பாட்டி பெருமைப்பட்ட விரலும், பெரியப்பா கால் வராமல் கிடந்த காலையும், அந்தக் கடைசித் தூக்கமும் அநேகமாக ஒரே எழுத்துப் பிழை.

அண்ணன் இப்போது மாத்திரையில் ஓடுகிறார். சில ஆன்டிபயாடிக், சில அலர்ஜி மாத்திரைகூட அவர் இதயத்துக்கு ஆகாது. அந்தப் பட்டியல் எப்போதும் சட்டைப்பையில்.

பிரச்சினை அவர் மகளுக்கு வரன் பார்க்கும்போது வந்தது. அவளுக்கும் அதே விரல். கால் ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. (மரபணு மாறியிருந்தும் ஒன்றுமே வெளியே தெரியாதவர்களும் உண்டு.) அண்ணி டெஸ்ட் வேண்டாமென்றார். "தெரிஞ்சாத்தானே சொல்லணும்? தெரியலேன்னா மறைச்சதா ஆகாதுல்ல?" அம்மா பயம் அது, சும்மா ஒதுக்கிவிட முடியாது. ஜாதகத்தில் செவ்வாய் இருந்தாலே ஓடுகிற ஊரில் குரோமோசோமில் கோளாறுன்னா யார் நிற்பார்கள்?

முடிவெடுத்தது அவள்தான். "ஊரே என் விரலைப் பாத்து தாத்தா ஜாடைன்னு சொல்லுது சித்தப்பா. ஊருக்குத் தெரிஞ்சது டாக்டருக்குத் தெரியக்கூடாதா?"

டெஸ்ட் எடுத்தாள். அவளுக்கும் இருக்கு. வரன் ஒன்று தட்டிப்போச்சு, அண்ணி ஒரு வாரம் அழுதார். ஆனால் இப்போ ஹோல்டர் மாட்டி ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு பண்ணிப் பாக்கிறார்கள். தாத்தாவுக்கு யாரும் பார்க்காததை இவளுக்குப் பார்க்கிறார்கள். அதுக்கு ஒரு வரன் போனால் போகட்டும் என்பது என் கட்சி.

உங்க வீட்லயும் கடுமையா உழைச்ச மறுநாள் கால் வராமப் படுத்திருக்கிறவங்க, காரணமில்லாம மயங்கி விழுறவங்க யாராவது இருந்தா, நடிப்புன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு ஈசிஜி எடுத்துப் பாத்துடுங்க. சின்ன வயசுல தூக்கத்துலயே போன தாத்தா, மாமா யாராச்சும் இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க.