ஐந்து லட்சம் லிட்டர்

வாளையாறு தாண்டி கஞ்சிக்கோட்டுக்கு வேலைக்கு வந்த புதிதில், மலையாளப் பத்திரிகையில் எனக்குப் பிடிபட்டவை எண்கள் மட்டும்தான். டீக்கடையில் ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக்கொள்வார்கள். என் கைக்கு வந்த தாளில் தேதி, ரூபாய், லிட்டர் இவற்றை வைத்துச் சேதியை ஊகிப்பேன். பிளாச்சிமடை வழக்கு நடந்துகொண்டிருந்த காலம் அது.

பிளாச்சிமடை எங்களுக்குத் தெற்கே, சித்தூர் தாலுகாவில் இருக்கிறது. நம் ஆட்களைப் போலத் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய உள்ள பக்கம். 2000இல் அங்கே கோக்கோ கோலா ஆலை வந்தது. கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை என்று 2002 ஏப்ரலில் ஆதிவாசி மக்கள் ஆலை வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களில் மயிலம்மா முன்னால் நின்றார். ஆலைக் கழிவை உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்திருந்தார்கள். அதில் காட்மியம் என்ற நச்சு உலோகம் இருப்பதை 2003இல் பிபிசி வானொலி சோதித்துச் சொன்ன பிறகுதான் வெளியுலகம் காது கொடுத்தது.

பெருமாட்டி பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பிக்க மறுக்க, விவகாரம் கேரள உயர்நீதிமன்றத்துக்குப் போனது. நிலத்தடி நீர் பொதுச்சொத்து, நிலம் வைத்திருக்கிறவர் நியாயமாக எடுக்கும் அளவுக்கு மேல் ஆலையும் எடுக்கக் கூடாது என்று 2003 டிசம்பரில் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். ரோமானியச் சட்டம் வரை வேர் போகிற கோட்பாடு அது. 2005 ஏப்ரலில் டிவிஷன் பெஞ்ச் நிபுணர் அறிக்கையை ஏற்றுக்கொண்டு, வழக்கமான மழை பெய்யும் ஆண்டில் தினம் 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது. முன்னதை எதிர்த்து வாதாட வரலாறும் சட்டமும் போதும். பின்னதை எதிர்க்கக் கணக்குத் தெரிய வேண்டும்.

இது இப்போது நினைவுக்கு வரக் காரணம் பக்கத்து வீட்டுப் பெண். பத்தாம் வகுப்போடு கணக்குக்குக் கும்பிடு போட்டுவிட்டு, ப்ளஸ் டூவில் ஹியூமானிட்டிஸ் எடுத்து, பி.ஏ. ஹிஸ்டரிக்குப் போனவள். கேரளத்தில் 2024இல் நான்கு வருட டிகிரி வந்ததிலிருந்து, முதல் வருடத்தில் தன் பாடத்துக்கு வெளியே வேறு துறைப் பாடமும் எடுத்தாக வேண்டும். இவளுக்கு ஸ்டேட்டிஸ்டிக்ஸ் வாய்த்தது.

“ஹிஸ்டரிக்கு இதெல்லாம் எதுக்கு மாமா?”

இங்கேயே ஐ.ஐ.டி. இருக்கிறது. அங்கே பி.டெக். படிக்கிறவர்களுக்கும் ஹியூமானிட்டிஸ் பாடம் உண்டு. எதுக்கு என்று அக்கம்பக்கத்தில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அவள் நோட்டைப் புரட்டியபோது எனக்கும் சலிப்பாகத்தான் இருந்தது. நாற்பது மாணவர்களின் மதிப்பெண், சராசரி காண்க. மேஜர் மாணவர்களுக்கான பாடத்தில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தால் அது ஆர்ட்ஸ் மாணவர்களுக்கான அறிவியல் ஆகிவிடாது.

அந்த 5 லட்சம் லிட்டர் கதையைச் சொன்னேன். ஒரு வருடம் 2,000 மில்லிமீட்டர் மழை, அடுத்த வருடம் 1,000 என்று வைத்துக்கொள், சராசரி 1,500. காகிதத்தில் சரி. 1,000 பெய்த வருடம் மே மாதத்தில் கிணற்றில் என்ன இருக்கும்? மேற்கே கொட்டுகிற மழை சித்தூரின் கிழக்கோரத்துக்கு வந்து சேர்வதில்லை. ‘வழக்கமான மழை’ என்றால் எந்த ஊர் மழை, எத்தனை வருடத்துக் கணக்கு? வாத்தியார் இதை வைத்தே ஒரு செமஸ்டர் நடத்தலாம்.

ஆலை 2004 மார்ச்சில் நின்றது, பிறகு நிலையாக ஓடவே இல்லை. 2010இல் உயர்மட்டக் குழு, மக்களுக்கு ஏற்பட்ட நஷ்டத்தை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்துக்கு 2011இல் சட்டசபை மசோதா நிறைவேற்றியும் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

இதையும் சொன்னபோது அவள் அந்த 216.26 கோடியைப் பிடித்துக்கொண்டாள். “இதை எப்படி மாமா கூட்டினாங்க? தண்ணிக்கு நடந்த நேரத்துக்கும் கூலி போட்டாங்களா?”

அதைப் போட்டுப் பார்க்க 2002இல் ஒரு நாள் கூலி எவ்வளவு என்று தெரிய வேண்டும், ஒரு குடத்துக்கு எத்தனை நேரம் ஆனது என்றும். அவளுடைய பாட்டி அந்த வருடங்களில் சித்தூர்ப் பக்கம் களையெடுக்கப் போனவர். நோட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போகச் சொன்னேன்.