ஆக்ஸிலேட்டர் வரவு, பிரேக் செலவு!

எங்கள் மாத்தூரில் வண்டிகளை வேடிக்கை பார்க்க டிக்கெட் வாங்க வேண்டாம். மணலி பக்கம் ரோட்டோரம் நின்றால் போதும். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். என்ன, அது ஓடுகிற ரேஸ் இல்லை. யார் அதிக நேரம் அசையாமல் நிற்கிறார்கள் என்கிற ரேஸ்!

அந்த வரிசையில் முப்பது வருஷம் நின்றவர் என் அப்பா. டிரெய்லர் டிரைவர். வாலிபத்தில் சைக்கிள் மிதித்துப் போய் சோழவரம் ரேஸ் பார்த்தவர். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸ் அது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புது டிராக் வந்ததும், "நம்ம ஊர்ல இருந்ததைத் தூக்கிட்டுப் போயிட்டான்டா" என்று இன்று வரை புலம்புகிறார்.

போன வருஷம் அவருக்கு லேசாக ஒரு பக்கவாதம். தேறிவிட்டார். வலது கால் மட்டும் கொஞ்சம் கனம். ஆனாலும், "அடுத்த மாசம் வண்டி எடுக்கறேன்" என்று முதலாளியிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். நாங்கள் யார் சொன்னாலும் கேட்கிற ஜாதி இல்லை அவர்.

இதற்கு நடுவில் என் எட்டு வயசுப் பையன், கம்ப்யூட்டரில் ரேஸ் கேம் ஆட நிஜமான பெடல் வேண்டும் என்று உண்ணாவிரதம் இருந்தான். கடையில் விலை கேட்டேன். உண்ணாவிரதம் எனக்கு வந்துவிட்டது! நாமே செய்துவிடலாம் என்று இறங்கினேன். நான் பி.காம். ஒயருக்கும் எனக்கும் உள்ள உறவு, மின்சார பில் கட்டுவதோடு சரி.

விஷயம் சுலபம்தான் சார். பழைய ஆர்கேட் மெஷின்களில் பெடலுக்கு அடியில் இருந்ததே ரேடியோ வால்யூம் கன்ட்ரோலுக்கு ஒன்றுவிட்ட தம்பிதான். மூன்று கால். ஒரு ஓரத்துக்கு ஐந்து வோல்ட், மறு ஓரத்துக்கு எர்த், நடுக்கால் ஆர்டுயினோ லியோனார்டோ என்கிற சின்ன போர்டுக்கு. பெடலை மிதித்தால் நடுக்காலின் வோல்டேஜ் மாறும். போர்டு அதை 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாக்கும். கம்ப்யூட்டர் அதை ஜாய்ஸ்டிக் என்று நம்பிவிடும்.

ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர், "ரேடியோவுக்கா சார்?" என்றார். கௌரவத்துக்கு "ஆமா" என்றேன். கௌரவம் காலை வாரியது. அவர் கொடுத்தது காதுக்கு ஏற்ற 'ஏ' டைப். பாதி மிதித்தும் கார் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தேன், சுவரில் போய் நின்றது! பெடலுக்கு வேண்டியது ஒரே சீராக ஏறும் 'பி' டைப். மறுபடி பஸ், மறுபடி ரிச்சி ஸ்ட்ரீட்.

அடுத்து என் காமர்ஸ் மூளை வேலை செய்தது. இரண்டு பெடலையும் ஒரே கணக்கில் போட்டேன். ஆக்ஸிலேட்டர் வரவு, பிரேக் செலவு. பழைய கேம்கள் சிலவற்றில் அப்படித்தான். டேலி ஆகிவிட்டது என்று பூரித்துப் போனேன்.

அப்பா வந்து உட்கார்ந்தார். வலது கால் ஆக்ஸிலேட்டரில். பிரேக்கை இடது காலால் மிதித்தார். கார் நிற்காமல் உருண்டது.

"இன்னாடா இது? பிரேக்குன்னா தனிக் கணக்குடா. இதுல அதைக் கழிக்கிறியே!"

அவர் சொன்னது சரி. இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தேன். திரையில் இரண்டு எண்கள் ஓடின. அப்பா மறுபடி ஓட்டினார். திருப்பம் வந்தது.

"ஆக்ஸிலேட்டரை வுட்டுட்டேன். பிரேக் புடிக்கிறேன்" என்றார்.

பிரேக் 900. ஆக்ஸிலேட்டர் 240.

"அப்பா, காலை எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேன்னு சொல்றேன்ல!"

திரை 240-லேயே நின்றது. மெதுவாக இறங்கியது. ஸ்பிரிங் சிக்கியிருக்குமோ என்று நான் மிதித்து விட்டுப் பார்த்தேன். டக்கென்று 0. அப்பா மறுபடி மிதித்தார், விட்டார். மறுபடி 240.

நிகரத் தொகையை மட்டும் பார்த்தால் உள்ளே இருக்கிற கடன் தெரியாது என்று எங்கள் வாத்தியார் சொல்வார். என் ஒற்றைக் கணக்கில் மறைந்திருந்தது, பிரித்து எழுதியதும் எதிரே வந்து நின்றது. எனக்கு வாய் வரவில்லை. அப்பா திரையையே பார்த்தார். அப்புறம் தன் காலைப் பார்த்தார்.

"நாப்பது டன்னு பின்னாடி வர்றப்போ இந்த எரநூத்தி நாப்பது ஆளைக் கொன்னுடும்டா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மொதலாளிக்கு போன் போட்டுக் குடு. வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடறேன்."

அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

இப்போது தினமும் சாயங்காலம் பெடல் முன்னால் உட்கார்ந்து, மிதித்து மிதித்து விடுகிறார். நான் நோட்டில் எழுதி வருகிறேன். போன வாரம் 160. நேற்று 110.

"திரும்ப லாரி எடுக்கப் போறீங்களாப்பா?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"லாரியா? ஒம் புள்ள என்னைத் தெனமும் ஜெயிக்கிறான்டா!"